வெட்டிய பிறகு தொடங்கும் சட்டம்: தனியார் காடுகளை ஒரிகன் மாநிலம் நெறிப்படுத்தும் விதம்

[திரையில்: பசிபிக் கடற்கரை ஓரமாக விரியும் ஊசியிலைக் காடு, வானிலிருந்து எடுத்த காட்சி]

வணக்கம். ஒருவர் தம் சொந்த நிலத்தில் நிற்கும் மரங்களை வெட்டி விற்கிறார். நிலம் அவருடையது, மரமும் அவருடையது. அப்படியிருக்க, வெட்டிய இடத்தில் மீண்டும் காடு எழ வேண்டும் என்றும், அதற்கான செலவை அவரே ஏற்க வேண்டும் என்றும் ஆணையிட ஒரு மாநில அரசுக்கு என்ன உரிமை இருக்கிறது? உரிமை இருந்தாலும், அந்த ஆணையை அவர் மனமுவந்து நிறைவேற்றும்படி செய்வது எப்படி? அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள ஒரிகன் மாநிலம் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இந்த இரண்டு கேள்விகளோடும் மல்லுக்கட்டி வருகிறது. அந்த அனுபவத்தைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

காடு என்றதும் வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் அரசு நிலம்தான் நம் நினைவுக்கு வரும். ஒரிகனின் நிலைமை வேறு. மாநிலத்தின் பரப்பில் ஏறக்குறைய பாதி, அதாவது சுமார் 3 கோடி ஏக்கர், காடு. அதில் 60 விழுக்காடு தலைநகர் வாஷிங்டன் டி.சி.யில் இருக்கும் கூட்டாட்சி அரசுக்குச் சொந்தம். அதன்மீது மாநிலச் சட்டத்தின் பிடி மிகக் குறைவு. மூன்றில் ஒரு பங்கு மர நிறுவனங்கள், முதலீட்டு நிதியங்கள், குடும்பங்கள் ஆகியோரின் தனிச்சொத்து. ஆனால் மாநிலத்தில் ஆண்டுதோறும் வெட்டப்படும் மரத்தில் பெரும்பகுதி, சுமார் முக்கால் பங்கு, இந்தத் தனியார் நிலங்களிலிருந்தே வருகிறது. ஆகவே ஒரிகனில் காட்டு மேலாண்மைச் சட்டம் என்பது முதன்மையாகத் தனியார் உடைமையாளருக்கும் அரசுக்கும் இடையிலான ஓர் ஏற்பாடு.

[திரையில்: 1930களின் கறுப்பு வெள்ளைப் படங்கள், கருகி நிற்கும் மரங்கள்]

அந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள டில்லமுக் காட்டுத்தீயிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1933ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், கேல்ஸ் கிரீக் பள்ளத்தாக்கில் மரம் வெட்டும் பணி நடந்துகொண்டிருந்த இடத்தில் பற்றிய தீ, சுமார் 2,40,000 ஏக்கர் காட்டை எரித்தது. ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்ததுபோல 1939, 1945, 1951 ஆகிய ஆண்டுகளிலும் அதே பகுதியில் தீ மூண்டது. எரிந்த மொத்தப் பரப்பு சுமார் 3,55,000 ஏக்கர். கருகிய நிலத்தால் இனிப் பயனில்லை என்று கருதிய உடைமையாளர்கள் பலர் சொத்து வரி கட்டுவதையே நிறுத்திவிட்டனர். வரிப் பாக்கிக்காக அந்த நிலங்கள் மாவட்ட நிர்வாகங்களின் கைக்கு வந்து, அங்கிருந்து மாநில அரசுக்குப் போய்ச் சேர்ந்தன. 1948இல் பொது வாக்கெடுப்பு நடத்தி, கடன் பத்திரம் வெளியிட்டுப் பணம் திரட்டி, 1949 தொடங்கி ஏறத்தாழ கால் நூற்றாண்டு காலம் மறுநடவு நடந்தது. ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவினார்கள். பள்ளிப் பிள்ளைகளைப் பேருந்துகளில் அழைத்துச் சென்று கன்று நடவைத்தார்கள். 7 கோடியே 20 லட்சம் கன்றுகள் நடப்பட்டன. 1973இல் ஆளுநர் டாம் மெக்கால் அதை டில்லமுக் மாநிலக் காடு என்று அறிவித்தார்.

கைவிடப்பட்ட காட்டை மீட்கும் சுமை கடைசியில் பொதுமக்களின் தலையில்தான் விழும் என்பதை அந்த மாநிலம் இவ்வளவு விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. வெட்டுபவரே மறுநடவுக்கும் பொறுப்பு என்ற கொள்கை அங்கே பரவலாக ஏற்கப்பட்டதற்கு, சட்டப் புத்தகங்களைக் காட்டிலும் இந்த அனுபவமே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கொள்கை ஏட்டில் எழுந்தது அந்த மறுநடவு தொடங்குவதற்கும் முன்பே. 1941இல் ஒரிகன் இயற்றிய காடு பாதுகாப்புச் சட்டம், தனியார் நிலத்தில் மரம் வெட்டுபவர் விதை தரும் மரங்களை விட்டுவைக்க வேண்டும் அல்லது வேறு வழியில் காட்டை மீட்க வேண்டும் என்று விதித்தது. அமெரிக்க மாநிலங்களில் இத்தகைய முதல் சட்டம் இதுதான். அண்டை மாநிலமான வாஷிங்டன் 1945இல் இதேபோன்ற சட்டத்தைக் கொண்டுவந்தபோது, அங்கே ஓர் உடைமையாளர் அதை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் வாதாடினார். தம் நிலத்தில் தாம் என்ன செய்ய வேண்டும் என்று அரசு சொல்வது சொத்துரிமையைப் பறிப்பதாகும் என்பது அவர் வாதம். அந்த மாநில உச்ச நீதிமன்றம் அதை நிராகரித்தது. இயற்கை வளம் என்பது இருப்போருக்கு மட்டுமின்றி இனிப் பிறக்கப் போகிறவர்களுக்கும் உரியது என்ற கருத்தைத் தீர்ப்பிலேயே எடுத்துரைத்தது. 1949இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தொடக்கத்தில் கேட்ட முதல் கேள்விக்கான சட்டபூர்வமான விடை அன்றே கிடைத்துவிட்டது.

[திரையில்: வரைபடம், வெட்டிய நிலம், நடவு, ஆறாம் ஆண்டுக் கன்றுகள்]

இன்று நடைமுறையில் இருப்பது 1971இல் இயற்றப்பட்டு 1972 ஜூலை முதல் செயலுக்கு வந்த வனச் செயல்முறைச் சட்டம். இதன் அமைப்பைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். உடைமையாளர் மரம் வெட்டுவதற்கு 15 நாள்களுக்கு முன் மாநில வனத்துறைக்கு அறிவிப்புத் தர வேண்டும். இது பொதுவாக அனுமதி கோரும் விண்ணப்பம் அன்று, அறிவிப்பு மட்டுமே. மீன் வாழும் நீரோடைக்கு அருகில் வேலை செய்வது போன்ற சூழல்களில் மட்டும், எப்படிச் செய்யப் போகிறோம் என்ற எழுத்துத் திட்டத்தையும் தர வேண்டும். ஒரே தொடர்ச்சியாக முற்றிலும் வெட்டி வெறுமையாக்கும் பரப்பு 120 ஏக்கருக்கு மேல் போகக் கூடாது. அதை ஒட்டி, அதே உடைமையாளருக்குச் சொந்தமான அடுத்த பகுதியை வெட்ட வேண்டுமானால், முதல் பகுதியில் நட்ட கன்றுகள் நான்கடி உயரமோ நான்கு வயதோ எட்டியிருக்க வேண்டும்.

சட்டத்தின் உயிர்நாடி அடுத்த கட்டத்தில் இருக்கிறது. வெட்டிய பன்னிரண்டு மாதங்களுக்குள் நிலத்தை மறுநடவுக்குத் தயார் செய்யும் வேலை தொடங்க வேண்டும். இரண்டு நடவுப் பருவங்களுக்குள் நடவு முடிய வேண்டும். வளமான நிலமானால் ஏக்கருக்குக் குறைந்தது 200 கன்றுகள் நிலைத்து நிற்க வேண்டும். ஆறாம் ஆண்டின் முடிவில், சுற்றியுள்ள புதர்களின் போட்டியை வென்று அக்கன்றுகள் தாமாகவே வளரும் நிலையை அடைந்திருக்க வேண்டும். நட்டேன், பட்டுப்போயிற்று என்று கை விரிக்க முடியாது. நடுவில் நிலத்தை விற்றால், நிறைவேற்ற வேண்டிய மறுநடவுக் கடமை இருப்பதை விற்பவர் வாங்குபவரிடம் தெரிவித்தாக வேண்டும். கன்று நட்ட எண்ணிக்கையை மட்டும் அறிவித்துப் பெருமைப்படும் திட்டங்களோடு இதை ஒப்பிட்டால், ஆறாம் ஆண்டில் எது உயிரோடு நிற்கிறது என்று கேட்கும் இந்த ஒரு விதியின் அருமை விளங்கும்.

விதிகளை வகுப்பவர்கள் யார் என்பதும் முக்கியம். கலிபோர்னியாவின் 1945ஆம் ஆண்டுச் சட்டத்தில், மரம் வெட்டுவதற்கான விதிகளை மர உடைமையாளர்களே தமக்குள் வகுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. 1971இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் அது அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளுபடி செய்ய, 1973இல் அங்கே கடுமையான புதிய சட்டம் பிறந்தது. இன்று கலிபோர்னியாவில் பதிவுபெற்ற வன வல்லுநர் ஒருவர் தயாரித்த வெட்டுத் திட்டத்துக்கு அரசின் ஒப்புதல் கிடைத்த பிறகே வணிக நோக்கில் மரம் வெட்ட முடியும். ஒரிகனில் விதிகளை வகுப்பது ஆளுநரால் நியமிக்கப்படும் ஏழு பேர் கொண்ட வனவியல் வாரியம். அவர்களில் மூவருக்கு மேல் மரத்தொழிலிலிருந்து கணிசமான வருமானம் பெறுவோராக இருக்கக் கூடாது. ஊராட்சிகளோ மாவட்டங்களோ நகர எல்லைக்கு வெளியே தமக்கெனத் தனிக் காட்டு விதிகள் செய்துகொள்ளவும் இச்சட்டம் இடம் தருவதில்லை. குடிநீருக்காகத் தம் ஊர் மலைச்சரிவில் கடுமையான கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்கும் மக்களுக்கு இது நெடுங்காலக் குறை.

[திரையில்: மரவட்டங்கள், அருகே வரி ரசீது]

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். கட்டளையால் மட்டும் காடு நிலைக்காது என்பதற்கு வரியின் வரலாறே சான்று. டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரத்தை வணிக நிறுவனங்கள் பொதுவாக 40 முதல் 60 ஆண்டுகள் வளர்த்து வெட்டுகின்றன. நிற்கும் மரத்தின் மதிப்புக்கு ஆண்டுதோறும் சொத்து வரி விதிப்பது, ஒரே ஒருமுறை அறுக்கப் போகும் நெல்லுக்கு ஐம்பது முறை தீர்வை வாங்குவதற்குச் சமம். வரிச்சுமைக்கு அஞ்சியவர் மரத்தை இளமையிலேயே வெட்டினார். வெட்டியபின் நிலத்தைக் கைவிட்டார். இந்தக் கோளாறைச் சரிசெய்யவே 1929இல் ஒரிகன், காட்டு நிலத்துக்கு ஆண்டுக்கு ஒரு சிறு கட்டணமும், வெட்டும்போது விளைச்சலின்மீது வரியும் என்ற மாற்று முறையைக் கொண்டுவந்தது. பல மாற்றங்களுக்குப் பிறகு, இன்று காட்டு நிலம் குறைந்த மதிப்பீட்டில் வரி கட்டுகிறது. நிற்கும் மரத்துக்கு ஆண்டு வரி இல்லை. வெட்டிய மரத்தின்மீது வசூலாகும் அறுவடை வரி, தீயணைப்புக்கும், ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வன ஆய்வுக்கும், இந்தச் சட்டத்தைச் செயல்படுத்தும் செலவுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

மற்ற மாநிலங்கள் ஊக்குவிப்பை வேறு வழிகளில் தேடின. விஸ்கான்சின் மாநிலம் 1985இல் கொண்டுவந்த சட்டப்படி, உடைமையாளர் 25 அல்லது 50 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, மேலாண்மைத் திட்டத்தின்படி காட்டைப் பராமரித்தால் சொத்து வரி பெருமளவு குறையும். பொதுமக்கள் வேட்டைக்கும் நடைபயணத்துக்கும் வந்துபோக அனுமதித்தால் மேலும் குறையும். புளோரிடா 1990இல், பயிற்சி பெற்றவர் முறைப்படி இடும் கட்டுப்படுத்தப்பட்ட தீயை நில உடைமையாளரின் உரிமையாக ஏற்று, அதற்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. வழக்குக்கு அஞ்சித் தீயிடாமல் விட்டால் சருகு குவிந்து பெருந்தீக்கு வழி வகுக்கும் என்பது அதன் காரணம். ஜார்ஜியா போன்ற தென் மாநிலங்கள் மேற்கத்திய மாநிலங்களைப் போல விரிவான கட்டாய விதிகளை வகுக்காமல், பரிந்துரைக்கப்பட்ட நல்முறைகளை வெளியிட்டு, எத்தனை பேர் கடைப்பிடிக்கிறார்கள் என்று அவ்வப்போது ஆய்வு செய்கின்றன.

[திரையில்: காட்டினூடே ஓடும் ஓடை, சால்மன் மீன்கள்]

ஒரிகனில் நீண்ட காலம் தீராமல் இருந்த பூசல் நீரோடைகளைப் பற்றியது. கரையோர மரங்கள் வெட்டப்பட்டால் நிழல் போய் நீர் சூடாகிறது. செங்குத்தான சரிவிலிருந்தும் காட்டுச் சாலைகளிலிருந்தும் மண் ஓடையில் இறங்குகிறது. சால்மன் மீன்களின் முட்டைகள் அந்த வண்டலில் மூச்சுத் திணறுகின்றன. மீன் இல்லாத சிறு தலையோடைகளின், அதாவது ஆறுகள் தொடங்கும் இடத்துச் சிற்றோடைகளின், கரையில் மரம் விடவேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லாததால், அண்டை மாநிலமான வாஷிங்டனைவிட ஒரிகனின் விதிகள் பின்தங்கியவை என்ற விமர்சனம் தொடர்ந்து எழுந்தது. 2020இல் மர நிறுவனங்களும் சூழலியல் அமைப்புகளும் தத்தம் தரப்பை வாக்கெடுப்புக்குக் கொண்டுசெல்லப் போட்டியிட்டு ஆயத்தமாயின. தோற்றால் எல்லாமே போய்விடும் என்ற அச்சம் இரு தரப்பையும் பேச்சு மேசைக்கு இழுத்து வந்தது. ஆளுநர் கேட் பிரவுனின் முன்முயற்சியில் நடந்த பேச்சுவார்த்தை 2021 அக்டோபர் 30 அன்று உடன்பாட்டில் முடிந்தது. 2022இல் சட்டமன்றம் அதைச் சட்டமாக்கியது.

புதிய விதிகளின்படி, மாநிலத்தின் மேற்குப் பகுதியில் மீன் வாழும் பெரிய ஓடைகளின் இரு கரையிலும் 110 அடி வரை மரங்களை விட வேண்டும். மீனில்லாத தலையோடைகளில் ஒரு பகுதிக்கும் முதன்முறையாகக் கணிசமான பாதுகாப்பு கிடைத்தது. பெரிய நிறுவனத்துக்கு இந்த இழப்பு மொத்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. நாற்பது ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்தின் நிலத்தை இரண்டு ஓடைகள் குறுக்காகக் கடந்தால், முதுமைக்கென்று வளர்த்த மரத்தில் கணிசமான பகுதி அந்த 110 அடிக்குள் அடங்கிவிடும். இதை உணர்ந்துதான், 5,000 ஏக்கருக்குக் குறைவாக வைத்திருந்து குறைந்த அளவே வெட்டும் சிறு உடைமையாளர்களுக்குத் தளர்த்தப்பட்ட விதி ஒன்றைச் சட்டம் தனியே வகுத்தது. அவர்கள் தளர்வைப் பயன்படுத்தாமல் பெரிய நிறுவனங்களுக்குரிய முழு அளவைக் கடைப்பிடித்தால், வெட்டாமல் விட்ட மரத்தின் மதிப்புக்கு ஈடாக வருமான வரியில் சலுகை பெறலாம். அவர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே வனத்துறைக்குள் ஒரு தனி அலுவலகமும் அமைந்தது. அதுவரை விதியை விளக்குபவரும் மீறலுக்கு நடவடிக்கை எடுப்பவரும் பெரும்பாலும் ஒரே அலுவலராக இருந்ததால், சந்தேகம் கேட்கவே தயங்கியவர்கள் இருந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று.

பெரிய நிறுவனங்கள் ஏன் இத்தனைக்கும் இசைந்தன என்று கேட்கலாம். அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மரம் வெட்டும்போது சால்மன் போன்ற இனங்களுக்குத் தீங்கு நேர்ந்தால் உடைமையாளர்மீது வழக்கு வரலாம். மாநிலத்தின் புதிய விதிகளை ஒரு வாழிடப் பாதுகாப்புத் திட்டமாக ஏற்கும்படி கூட்டாட்சி அமைப்புகளிடம் மாநில அரசே விண்ணப்பிக்கும் என்பது உடன்பாட்டின் மையமான நிபந்தனை. அந்த ஒப்புதல் கிடைத்தால், விதிகளைக் கடைப்பிடிக்கும் உடைமையாளருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு அத்தகைய வழக்குகளிலிருந்து பாதுகாப்பு உண்டு; இன்று நடும் ஒரு டக்ளஸ் ஃபர் கன்று வெட்டும் வயதை எட்டுவதற்கும் ஏறத்தாழ அவ்வளவு காலம்தான் பிடிக்கும்.