முள்ளைத் தூக்கி மறுபக்கம்: பட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்'

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு ஆல்பம்தான். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், பாருங்கள். வெள்ளைச் சட்டை, தோளில் தொங்கும் கோட்டு, நம்மை நேராகப் பார்க்கும் கண்கள். அமெரிக்க ராக் பாடகி பட்டி ஸ்மித்தின் 'ஹார்சஸ்', 1975. படம் எடுத்தவர் அவருடைய உயிர்த்தோழர் ராபர்ட் மேப்பிள்தார்ப். நியூயார்க்கில் ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கட்டிய ஸ்டுடியோவில் பதிவானது. மொத்தம் 8 பாட்டு.

2015-இல் இந்த ஆல்பத்துக்கு 40 வயது. அந்த வருடம் ஊர் ஊராகப் போய், முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அதே வரிசையில் பாடினார். 4 பாட்டு முடிந்ததும் மேடையிலேயே இந்த ரெக்கார்டைக் கையில் எடுப்பார். முதல் பக்கம் முடிந்தது, இனி தட்டைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவார். கேசட்டில் ஏ பக்கம், பி பக்கம் மாற்றி மாற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

கடைசிப் பாட்டுக்கு வருகிறேன். 'எலெஜி'. ஒப்பாரி என்றே சொல்லலாம். 1970-இல் இறந்துபோன ஹெண்ட்ரிக்ஸை நினைத்துப் பாடியது. இதைப் பதிவு செய்தபோது பட்டிக்கு 28 வயது. உண்மையைச் சொன்னால், ரெக்கார்டில் இந்தப் பாட்டு வந்ததும் நான் எழுந்து போய்விடுவேன். இதற்கு முந்தைய 'லாண்ட்' 9 நிமிடத்துக்கும் மேல் புயலாக அடித்துவிட்டுப் போன பிறகு, இது மெலிசாகத் தோன்றும்.

ஆனால் அதற்குப் பிறகு என்னவெல்லாம் நடந்தது பாருங்கள். 1989-இல் மேப்பிள்தார்ப் போனார். அடுத்த வருடம், இந்த ஆல்பத்தில் பியானோ வாசித்த ரிச்சர்ட் சோல். 1994-இல் பட்டியின் கணவர் ஃப்ரெட், அதே வருடம் தம்பி டாட். 40 வருடம் கழித்து மேடையில் அதே பாட்டைப் பாடும்போது, மறைந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். 28 வயதில் தூரத்து நட்சத்திரம் ஒருவருக்காக அழுத பாட்டுக்குள் இப்போது அவர் வீட்டு ஆட்களே இருக்கிறார்கள். இனி நான் எழுந்து போக மாட்டேன்.

இன்னொன்று. 'பிரேக் இட் அப்' பாட்டில் கிட்டார் வாசித்தவர் டாம் வெர்லேன். 2005-இல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் 30-ஆம் வருடக் கச்சேரி நடந்தபோதும் அவர் வந்து வாசித்தார். 2023 ஜனவரியில் அவரும் போய்விட்டார். 2025-இல், 78 வயதில், 50-ஆம் வருடத்துக்காக டப்ளினில் தொடங்கி மறுபடியும் முழு ஆல்பத்தையும் பாடினார் பட்டி. கிட்டாரில் லென்னி கே, டிரம்ஸில் ஜே டீ டாகர்ட்டி, இரண்டு பேரும் 1975-இல் இருந்தவர்கள். கூடவே இன்னொரு கிட்டார்: ஃப்ரெட்டின் மகன் ஜாக்சன்.

சரி, கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் 1975 பதிவு, அப்புறம் 2005 லண்டன் பதிவு. ஷஃபிளில் போட்டுவிடாதீர்கள், வரிசை முக்கியம்.