இந்தப் பட்டம் இவருக்குத் தகுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் அப்போதைய சாம்பியன் டிங் லிரெனை வென்று, நம் சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக செஸ் சாம்பியன் ஆனார். பாராட்டு ஓய்வதற்குள்ளேயே இரண்டு முணுமுணுப்புகள் கிளம்பின. முந்தைய சாம்பியனும் தரவரிசையில் முதல்வருமான கார்ல்சன் ஆடாத போட்டியில் ஜெயித்து என்ன பயன் என்பது ஒன்று. எதிராளி கடைசி நேரத்தில் சறுக்கியதால் கிடைத்த பட்டம்தானே என்பது இன்னொன்று. முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக்கே அந்த முடிவைக் கடுமையாக விமர்சித்தார்.

எந்த விளையாட்டிலும் தகுதியில்லாத சாம்பியன் யார் என்று பேச ஆரம்பித்தால் மூன்று விதமான புகார்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. வர வேண்டியவர் வரவில்லை என்பது முதல் புகார். போட்டி நடத்திய முறையே சரியில்லை என்பது இரண்டாவது. நடுவரோ அதிகாரியோ விதியைத் தவறாகக் கையாண்டார் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் வென்றவரின் பட்டத்தை அசைக்காது, மூன்றாவதுதான் அசைக்கும் என்பது என் வாதம்.

சிங்கப்பூரின் பதினான்காவது, கடைசி ஆட்டத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். அதுவரை ஆளுக்கு ஆறரைப் புள்ளி. பலகையில் இருவருக்கும் ஒரு ரூக் (நேராகப் போகும் காய்), ஒரு பிஷப் (மூலைவிட்டமாகப் போகும் காய்). கறுப்புக் காயில் ஆடிய குகேஷுக்கு இரண்டு சிப்பாய், டிங்குக்கு ஒன்று. சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கத்தில் இருந்ததால் வெள்ளை பொறுமையாகக் காத்திருந்தால் டிரா. ஆனால் டிங்கின் பிஷப் ஏ8 என்கிற மூலைக் கட்டத்தில் நின்றது. மூலையில் நிற்கும் பிஷப்புக்கு ஒரே ஒரு மூலைவிட்டப் பாதைதான் உண்டு. டிங் தன் 55-ஆவது நகர்த்தலில் ரூக்கை எஃப்2-வுக்குக் கொண்டுவந்து, ரூக்கை மாற்றிக்கொள்ளலாம் என்றார். குகேஷ் மாற்றிக்கொண்டார். அடுத்து தன் பிஷப்பை டி5-இல் வைத்தார். டிங்கின் பிஷப் போகக்கூடிய ஒரே பாதையில் எதிரி பிஷப் குறுக்கே நிற்கிறது. பின்வாங்க இடமில்லை, வெட்டித்தான் ஆக வேண்டும். அதையும் மாற்றியபின் மிஞ்சுவது ராஜாவும் சிப்பாயும் மட்டும். இரண்டு சிப்பாய்க்கு எதிராக ஒன்று, அங்கே கறுப்புக்கு வெற்றி நிச்சயம். மூன்று நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்துவிட்டார்.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த நிலையில் டிராவுக்குக் கை நீட்டியிருந்தால் பட்டத்தை மறுநாள் டைபிரேக்கர் எனும் வேக ஆட்டங்கள் தீர்மானித்திருக்கும். குகேஷ் கை நீட்டவில்லை. சமமான நிலையை மணிக்கணக்கில் இழுத்து, எதிராளியைத் துல்லியமாக ஆடியே தீர வேண்டிய கட்டாயத்தில் வைத்தார். செஸ்ஸில் எதிராளி பிழை செய்யாமல் வெற்றி என்பதே கிடையாது. 2014-இல் சோச்சியில் ஆனந்துக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் கார்ல்சன் ராஜாவை டி2-வில் வைத்தார். மிகப் பெரிய தவறு அது. குதிரையால் இ5-இல் இருந்த சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்த் பக்கம் வந்திருக்கும். ஆனந்த் அதைக் கவனிக்காமல் ஓரச் சிப்பாயை நகர்த்தினார். அந்த ஆட்டத்தையும் கார்ல்சனே வென்றார், பட்டத்தையும் தக்கவைத்தார். அவரைத் தகுதியில்லாதவர் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. குகேஷுக்கு மட்டும் ஏன் வேறு அளவுகோல்?

கார்ல்சன் வராதது கார்ல்சனின் முடிவு. 2022-லேயே பட்டத்தைக் காக்க விருப்பமில்லை என்று அறிவித்துவிட்டார். 1975-இல் அப்போதைய சாம்பியன் ஃபிஷர் பலகைக்கே வராததால் கார்ப்போவுக்குப் பட்டம் போனது. அவரையும் காகித சாம்பியன் என்றார்கள். அவர் 1978-இலும் 1981-இலும் கோர்ச்னோயை வென்று பதில் சொன்னார். வந்தவரைத்தான் வெல்ல முடியும்.

இனி இரண்டாவது புகார். 1999-இல் லாஸ் வேகாஸில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்திய நாக் அவுட் போட்டியில் அலெக்சாண்டர் காலிஃப்மான் சாம்பியன் ஆனார். அப்போது உலகத் தரவரிசையில் அவர் இடம் 44. தகுதியற்ற சாம்பியன் பட்டியல் போடுகிற எவரும் இவர் பெயரை விடுவதில்லை. முறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த நாக் அவுட்டில் ஏழு சுற்று. ஒவ்வொரு சுற்றும் பெரும்பாலும் இரண்டே ஆட்டம். ஒருவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் நூற்றுக்கு 75 வெல்லும் வாய்ப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், அதுவே மிகப் பெரிய பலம். ஏழு சுற்றையும் தாண்டும் வாய்ப்பு அவருக்கு நூற்றுக்குப் பதின்மூன்றுதான். ஆக, உலகின் முதல் வீரரே ஆடினாலும் பெரும்பாலும் வேறொருவர்தான் ஜெயிப்பார். குறை அமைப்பினுடையது. அதே விதியில், அதே பலகையில், கெல்ஃபாண்ட், ஜூடித் போல்கர் போன்றவர்களைத் தாண்டி வந்த காலிஃப்மான்மீது பழி போடுவது நியாயமில்லை.

இந்த வாதம் ஆனந்துக்கும் பொருந்தும் என்பதால்தான் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. 2000-இல் டெல்லியிலும் டெஹ்ரானிலும் நடந்ததும் நாக் அவுட்தான். ஆனந்த் இறுதியில் ஷிரோவை மூன்றரைக்கு அரை என்று வென்றார். அப்போது உலகப் பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது, அதே ஆண்டு லண்டனில் காஸ்பரோவை வீழ்த்திய கிராம்னிக்தான் உண்மையான சாம்பியன் என்றார்கள். 2007-இல் மெக்சிகோவில் எட்டுப் பேர் ஆடிய தொடரில் ஆனந்த் 14 ஆட்டத்தில் 9 புள்ளி எடுத்து வென்றபோதும், நேருக்கு நேர் ஆடி வென்ற பட்டம் இல்லையே என்றார்கள். 2008-இல் பான் நகரில் அதே கிராம்னிக்கை நேருக்கு நேர் ஆறரைக்கு நாலரை என்று வென்றார். மூன்று முறையிலும் பட்டம் வென்றவர் அவர்.

மூன்றாவது வகைக்குக் கிரிக்கெட்டுக்கு வருவோம். 2019 ஜூலை 14, லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் தலா 241 ரன், சூப்பர் ஓவரிலும் தலா 15. பவுண்டரி எண்ணிக்கையில் 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை. எல்லோரும் பவுண்டரி விதியைத்தான் திட்டினார்கள். மோசமான விதிதான், அதே ஆண்டு அக்டோபரில் ஐசிசி அதை மாற்றியும்விட்டது. ஆனாலும் அது போட்டிக்கு முன்பே எழுதி வைத்திருந்த விதி, இரு அணிக்கும் பொது.

உண்மையான சிக்கல் கடைசி ஓவரின் நான்காவது பந்தில் இருக்கிறது. இங்கிலாந்துக்கு மூன்று பந்தில் ஒன்பது ரன் தேவை. நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து, இரண்டாவது ரன்னுக்காகப் பாய்ந்த ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்கோட்டைத் தாண்டியது. நடுவர்கள் ஆறு ரன் கொடுத்தார்கள். விதி 19.8 என்ன சொல்கிறது? ஓவர்த்ரோ பவுண்டரிக்குப் போனால், அந்த நான்கோடு ஏற்கெனவே ஓடி முடித்த ரன்கள் சேரும். ஓடிக்கொண்டிருக்கும் ரன்னும் சேர வேண்டுமென்றால், பீல்டர் பந்தை எறிந்த கணத்தில் இரு பேட்ஸ்மேன்களும் ஒருவரையொருவர் கடந்திருக்க வேண்டும். கப்டில் எறிந்தபோது ஸ்டோக்ஸும் ரஷீதும் கடக்கவில்லை. எனவே ஐந்து ரன்தான். அடுத்த பந்தை ஆட வேண்டியவர் ரஷீத், ஸ்டோக்ஸ் அல்ல. இரண்டு பந்தில் மூன்று என்பது இரண்டு பந்தில் நான்காக இருந்திருக்கும். முன்னாள் நடுவர் சைமன் டவுஃபல் இதைத் தெளிவாகச் சொன்னார், அன்று களத்தில் நடுவராக நின்ற தர்மசேனாவும் பிறகு தவறை ஒப்புக்கொண்டார். அதற்காக இங்கிலாந்து நிச்சயம் தோற்றிருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தக் கோப்பையில் ஒரு கேள்விக்குறி நிற்கிறது, அவ்வளவுதான்.

2021 அபுதாபி பார்முலா ஒன் பந்தயமும் இதே ரகம். கடைசிச் சுற்றுகளில் பாதுகாப்புக் காரின் பின்னால் எல்லோரும் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சுற்று பின்தங்கிய கார்களில், பட்டத்துக்குப் போட்டியிட்ட ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவே இருந்த ஐந்தை மட்டும் பந்தய இயக்குநர் முந்தவிட்டு ஓட்டத்தைத் தொடங்கினார், வெர்ஸ்டாப்பன் வென்றார். அது மனிதத் தவறு என்று பந்தயத்தை நிர்வகிக்கும் எஃப்ஐஏ அமைப்பின் அறிக்கையே சொன்னது, முடிவு மட்டும் மாறவில்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது 1988 சியோல் ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதி. அமெரிக்காவின் ராய் ஜோன்ஸின் குத்துகளில் 86 எதிராளிமீது பட்டன, தென்கொரியாவின் பார்க் சி-ஹுனின் குத்துகளில் 32 பட்டன என்பது அன்று எண்ணப்பட்ட கணக்கு. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் பார்க்குக்குப் போட்டார்கள். தோற்ற ஜோன்ஸுக்கே அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான கோப்பை கிடைத்தது. 1992 பார்சிலோனாவில் முறையையே மாற்றினார்கள். ஐந்து நடுவர்களில் மூவராவது ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும்.

என்னைக் கேட்டால், வாங்கிய பட்டத்துக்கு மிகக் குறைந்த தகுதி அந்தத் தங்கத்துக்குத்தான். பார்க் கேட்டு வாங்கியதல்ல அது, அவர் கையில் திணிக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2023-இல், அவர் அமெரிக்காவின் பென்சகோலாவுக்குப் போய் அந்தப் பதக்கத்தை ராய் ஜோன்ஸின் கையில் கொடுத்தார்.