ஷாங்காய் பூகாவ்லி: ஷாப்பிங் மாலா மாறாத பழைய சந்து வீடுங்க | சீனா வ்லாக்

ஹாய் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க. வாய்ஸ் ஓகேவா கேக்குதான்னு தெரியல, இங்க வர்ற ஸ்கூட்டர் முக்காவாசி எலெக்ட்ரிக், பக்கத்துல வர்ற வரைக்கும் சத்தமே இருக்காது, திடீர்னு ஹாரன் மட்டும்தான் வரும், அதனால ஓரமா ஒதுங்கி நின்னே பேசுறேன். நான் இப்ப ஷாங்காய்ல ஷான்ஷி சவுத் ரோடும் ஜியேன்குவோ வெஸ்ட் ரோடும் சேர்ற முக்குல இருக்கேன். இதோ இந்த வளைவு தெரியுதா, மேல சீனக் கூரை, அதுல சீன எழுத்து, கூடவே பிரெஞ்சுல சிதே பூர்கோன்னு எழுதி 1930-னு வருஷமும் போட்டிருக்கு. இந்த இடம் பேரு பூகாவ்லி. பிரெஞ்சு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, ஷாங்காய்ல பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஒரு பகுதி இருந்துச்சு, அது 1914-ல இந்தப் பக்கம் வரைக்கும் விரிஞ்சுது, 1943 வரைக்கும் அவங்க கையிலதான் இருந்துச்சு.

சரி உள்ள போலாம். வாசல்ல ஒரு தாத்தா உக்காந்திருக்காரு, நான் கேமராவ காட்டி போலாமான்னு சைகையில கேட்டேன், தலைய ஆட்டிட்டாரு, ஆனா விரல உதட்டுல வச்சு சத்தம் போடாதேன்னும் சொல்லிட்டாரு. நியாயம்தான், உள்ள ஜனங்க குடியிருக்காங்க. அதனால இனிமே கொஞ்சம் மெதுவா பேசுறேன், வால்யூம ஏத்தி வச்சுக்கோங்க.

பாருங்க, நடுவுல ஒரு மெயின் சந்து, அதுலேர்ந்து ரெண்டு பக்கமும் குட்டிக் குட்டி சந்துங்க பிரியுது, ஒவ்வொரு சந்துலயும் வரிசையா ஒட்டி ஒட்டி ரெண்டு மாடி செங்கல் வீடு, மொத்தம் 79 வீடு. இந்த மாதிரி வீட்டுக்கு ஷிக்குமென்னு பேரு, வாசல்ல கல்லுல சட்டம் வச்சு ரெட்டைக் கதவு கறுப்பா போட்டிருக்காங்க பாருங்க, அதுதான் அடையாளம். ஷாங்காய தவிர வேற எந்த ஊர்லயும் இது இந்த அளவுக்கு கிடையாது. ஏன்னு கேட்டா கதை கொஞ்சம் ரத்தக்களரியானது. 1850-60கள்ல தைப்பிங் கலகம்னு ஒரு பெரிய உள்நாட்டுப் போர், சுத்தி இருக்குற ஊர்க்காரங்க பணக்காரன் ஏழை எல்லாம் உயிருக்குப் பயந்து வெளிநாட்டுக்காரங்க ஆண்ட இந்தப் பகுதிக்குள்ள ஓடி வந்துட்டாங்க, வந்தவங்களுக்கு வீடு வேணும்ல, வெளிநாட்டு வியாபாரிங்க இதுல காசு பாக்கலாம்னு முதல்ல மரத்துலயே வரிசை வீடு கட்டி வாடகைக்கு விட்டாங்க, அது தீ புடிச்சா மொத்த வரிசையும் போயிடும், அப்புறம்தான் செங்கல், கல்லுன்னு மாறுச்சு. வரிசையா ஒட்டிக் கட்டுறது ஐரோப்பா பாணி, உள்ள நுழைஞ்சதும் முற்றம் வைக்கிறது சீனப் பாணி. பூகாவ்லி கட்டும்போது இந்த டிசைனுக்கு அறுபது எழுபது வயசு ஆயிடுச்சு, அதனாலதான் முற்றம் இவ்ளோ சுருங்கிப்போய் இருக்கு, நிலம் விலை ஏற ஏற முதல்ல வெட்டுனது அதத்தான்.

இப்ப பின்பக்கம் வந்துட்டேன், எனக்கு என்னமோ முன்வாசல விட இதுதான் புடிச்சிருக்கு. முன்னாடி கதவு எல்லாம் மூடித்தான் இருக்கு, ஜனங்க போறது வர்றது எல்லாம் இந்தப் பின்கதவு வழியாத்தான். கீழ அடுப்படி, அதுக்கு மேல மாடிப்படி பாதியில திரும்புற எடத்துல ஒரு குட்டி ரூம், அந்த ஜன்னல் தெரியுதுல்ல, அதுக்குப் பேரு திங்சுஜியேன். வடக்கு பாத்த ரூம், குளிர் காலத்துல வெயிலே வராது, வெயில் காலத்துல கீழ அடுப்பு சூடு, மேல மொட்டை மாடி சூடு. வீட்டுலயே மட்டமான ரூம், அதனால வாடகை கம்மி, அதனால யாரு வந்தாங்க, எழுத்தாளருங்க! 1920, 30கள்ல காசு இல்லாத எழுத்தாளர் பட்டாளமே ஷாங்காய்ல இந்த மாதிரி ரூம்லதான் உக்காந்து எழுதியிருக்கு. பா ஜின்னு சீனாவோட பெரிய நாவலாசிரியர், 1932-ல ஜப்பான்காரன் ஷாங்காய் ஜாபே பகுதியில குண்டு போட்ட சமயத்துல இதே பூகாவ்லில கொஞ்ச காலம் தங்கியிருந்தாரு.

சுவத்துல கரெண்ட் மீட்டர் எத்தன இருக்கு பாருங்க, ஒரே வீட்டுக்கு. கட்டுனது ஒரு குடும்பத்துக்கு. ஆனா 1937-ல ஜப்பான் போர் வந்து மறுபடியும் அகதிங்க கூட்டம், வாடகைக்கு எடுத்தவனே ரூம் ரூமா பிரிச்சு உள்வாடகைக்கு விட்டான், 1949-ல கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததுக்கு அப்புறம் அரசாங்கமும் வீடு பத்தாம இன்னும் குடும்பங்கள உள்ள வச்சுச்சு, கடைசியில பக்கா ஒண்டுக்குடித்தனம். இந்த மாதிரி பொது அடுப்படில ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி பல்பு தொங்கும், தனித்தனி சுவிட்ச், அவங்கவங்க பல்புக்கு அவங்கவங்க பில். குழாய்க்குக் கூட பூட்டு போடுற வீடு உண்டு. சண்டை எவ்ளோ நடந்திருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

இதுல யாரும் ரீல்ஸ்ல சொல்லாத மேட்டர் ஒண்ணு இருக்கு, டாய்லெட். கட்டும்போதே கிடையாது மக்களே. மரச் சட்டில போயிட்டு காலைல கொண்டுபோய் கொட்டணும், இது ஏதோ தாத்தா காலத்துல இல்ல, 2007-ல பூகாவ்லிய ரிப்பேர் பண்ணப்பதான் வீடுகளுக்குள்ள ஃப்ளஷ் டாய்லெட் வச்சுக் குடுத்தாங்க. 1989-லயே இத பாதுகாக்கப்பட்ட சின்னம்னு அறிவிச்சாச்சு, சின்னத்துக்கு டாய்லெட் வர இன்னும் 18 வருஷம் ஆச்சு! அங்க துணி காயப் போட்டுட்டு இருந்த ஒரு ஆன்டிகிட்ட போன் ஆப் வச்சு கேட்டேன், இந்த வீடு உங்களுக்குப் புடிக்குமான்னு. சிரிச்சுட்டு, பக்கத்துலயே ஆஸ்பத்திரி இருக்கு மார்க்கெட் இருக்கு, அது புடிக்கும், ஆனா மாடிப்படி ரொம்ப செங்குத்து, முட்டி வலிக்குதுன்னாங்க. அவ்ளோதான், பாரம்பரியம் அது இதுன்னு ஒரு வார்த்தை வரல.

சில பேரு கேப்பீங்க, ஷாங்காய்லயே ஷின்தியான்தின்னு ஒரு இடம் இருக்கே, அங்க போலாமே ப்ரோன்னு. போனேன். அதுவும் ஷிக்குமென்தான், ஆனா குடியிருந்தவங்கள எல்லாம் காலி பண்ணி வேற எடத்துக்கு அனுப்பிட்டு, 2001-ல ஹோட்டலும் காபி கடையுமா திறந்தாங்க. ஜாங் யுவான்னு இன்னொரு பழைய சந்துப் பகுதி, அதுவும் அதே கதைதான், 2022-ல திறந்தாங்க, உள்ள போனா பெரிய பெரிய பிராண்டு ஹேண்ட்பேக் கடைங்க. செங்கல் எல்லாம் சூப்பரா கழுவி வச்சிருக்காங்க, போட்டோவுக்கு அதுதான் அழகு, பொய் சொல்லல. ஆனா அங்க ஒரு கொடில கூட ஜட்டி காயல, எனக்கு அங்க பத்து நிமிஷத்துலயே போர் அடிச்சுருச்சு. அதுக்குன்னு இந்த ஆன்டி முட்டி வலியோட காலம் பூரா இங்கயே கெடக்கணும்னு நான் சொல்லல. இடிக்காம, காலி பண்ணாம, உள்ள வசதி பண்ணிக் குடுக்குறது செலவு புடிச்ச வேலை, ஆனா அதத்தான் பண்ணணும்ங்கறது என் கட்சி. எதிர்க்கட்சி ஆளுங்க கமெண்ட்ல வாங்க.

வர்றவங்களுக்கு, மெட்ரோ லைன் 9 இல்லனா 12, ஜியாஷான் ரோடு ஸ்டேஷன்ல இறங்கி நடந்தாலே வந்துரலாம். டிக்கெட் எதுவும் கிடையாது. திறந்திருக்குற கதவுக்குள்ள கேமராவ விட்டு ஆட்டாதீங்க, ட்ரோன் நெனைக்கவே நெனைக்காதீங்க, கூட்டமா வராதீங்க. சரி, அந்த தாத்தா வேற என்னையே பாத்துட்டு இருக்காரு, நான் கிளம்புறேன், அடுத்த வீடியோ வூகாங் பில்டிங், பை மக்களே.