வீடு மாறும் நேரத்தில் பிப் மறுமதிப்பீடு: எதை யாரிடம் சொல்வது?

(திரையில்: வாசலில் கிடக்கும் பழுப்பு நிறக் கடித உறை, பக்கத்தில் கட்டி முடிக்காத அட்டைப் பெட்டிகள்)

வணக்கம். பிரித்தானியாவில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தால் தலை சுற்றிவிடும். ஒன்று பிப், அதாவது நீண்டகால நோயோ உடல், மனக் குறைபாடோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவிப் பணம், அதற்கான மறுமதிப்பீட்டுப் படிவம். மற்றது வீடு மாறுவது. பிள்ளைகளோடு இருந்தவர் தனியே போகிறார், அல்லது தனியே இருந்தவர் பிள்ளைகளிடம் வருகிறார். இரண்டும் ஒரே மாதத்தில் வந்து நின்றால் என்ன செய்வது என்று இந்த வீடியோவில் பார்ப்போம்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். பிப் பார்ப்பது உங்கள் உடலையும் மனதையும். நீங்கள் எந்த வீட்டில் இருக்கிறீர்கள், கூட யார் இருக்கிறார்கள், மகனுக்கு என்ன சம்பளம், வங்கியில் எவ்வளவு கிடக்கிறது என்பதெல்லாம் அதன் கணக்கில் வராது. வீட்டையும் கூட இருப்பவர்களையும் பார்ப்பது குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட்டும், உள்ளூராட்சியான கவுன்சிலும்தான். நம் ஆட்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பிப் படிவத்தில் புது வீட்டு வசதியைப் பற்றி எழுதுகிறார்கள், யுனிவர்சல் கிரெடிட்டுக்கு வீடு மாறியதையே சொல்வதில்லை.

ஒரு கற்பனை அக்காவை வைத்துப் பார்ப்போம். வயது 58. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். ஈஸ்ட்ஹாமில் மகன் வீட்டு மேல்மாடியில் இருக்கிறார். மருமகள் சமைத்துக் கொடுப்பார், குளியல் தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் கை கொடுப்பார். இப்போது மகன் குடும்பம் மில்டன் கீன்ஸுக்குப் போகிறது. அக்காவுக்கு ஹவுசிங் அசோசியேஷன் என்ற குறைந்த வாடகை வீட்டு அமைப்பு ஒரு தரைத்தள ஃபிளாட் கொடுத்திருக்கிறது. தொட்டி இல்லாமல் தரையிலேயே நின்று குளிக்கும் வெட் ரூம் இருக்கிறது, கைப்பிடிகள் இருக்கின்றன. அந்த நேரம் பார்த்து மறுமதிப்பீட்டுப் படிவம் வருகிறது.

(திரையில்: புள்ளிக் கணக்கு)

இந்த அக்காவுக்கு முன்பு கிடைத்த புள்ளிகள் இவை. சமைக்க ஒருவர் உதவி தேவை, 4. குளியல் தொட்டியில் இறங்கி ஏற உதவி தேவை, 3. இடுப்புக்குக் கீழே உடை மாற்ற உதவி தேவை, 2. கழிவறையில் கைப்பிடி தேவை, 2. மருந்துக்கு வாரப் பெட்டி தேவை, 1. மொத்தம் 12. பிப்பில் அன்றாட வேலைகளுக்கான டெய்லி லிவிங் பகுதியில் 8 புள்ளி என்றால் ஸ்டாண்டர்ட் என்ற சாதாரணத் தொகை, 12 என்றால் என்ஹான்ஸ்ட் என்ற கூடிய தொகை. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் கணக்கில் வாரத்துக்கு 73.90 பவுண்டும் 110.40 பவுண்டும்.

இப்போது அக்கா புதுப் படிவத்தில் என்ன எழுதுகிறார்? "புது வீட்டில் வெட் ரூம் இருப்பதால் குளிப்பதில் பிரச்சினை இல்லை. மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடுகிறேன்." குளியலுக்கு 0. மைக்ரோவேவுக்கு 2. மற்றவை அப்படியே. கூட்டிப் பாருங்கள், 7. ஒரு புள்ளி குறைந்ததால் டெய்லி லிவிங் பணம் முழுதும் போய்விடும். உடல் அதே உடல், மூட்டு வலி அதே வலி. மாறியது வீடு மட்டும்.

பிப் விதிகளில் குளிப்பது என்றால் மாற்றியமைக்கப்படாத தொட்டியிலோ ஷவரிலோ இறங்கி ஏறுவதும் சேர்த்திதான். கழிவறைக்கும் அப்படியே, மாற்றியமைக்கப்படாத சாதாரண கழிவறையில் உட்கார்ந்து எழுவதைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். ஆக, வெட் ரூம் வந்ததால் அந்த 3 புள்ளி போக வேண்டியதில்லை. அக்கா எழுத வேண்டியது இப்படி: "சாதாரண தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க என்னால் முடியாது. ஒருவர் பிடித்தால்தான் முடியும். அதனால்தான் வெட் ரூம் உள்ள வீடு கொடுத்தார்கள்." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வீட்டில் உங்களுக்கு என்ன வசதி தேவை என்று பார்க்கும் ஆக்கியுபேஷனல் தெரபிஸ்ட் எழுதிய அறிக்கை இருந்தால் அதன் நகலையும் வையுங்கள். வீட்டு வசதிக்காக எழுதிய அந்த அறிக்கை பல நேரங்களில் ஜிபி, அதாவது குடும்ப டாக்டர், தரும் கடிதத்தை விடப் பெறுமதியானது. ஜிபி நோயின் பெயரை எழுதுவார், தெரபிஸ்ட் உங்களால் எதைத் தூக்க முடியாது என்று எழுதுவார்.

மாடிப்படியும் இதே கதைதான். நடமாட்டத்துக்கான மொபிலிட்டி பகுதியில் பார்ப்பது எழுந்து நின்று எத்தனை மீட்டர் நடக்க முடியும் என்பதை. மாடி ஏறுவது அதில் இல்லை. மேல்மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு வந்ததால் அந்தப் புள்ளி ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. 20 மீட்டருக்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 புள்ளி. லண்டன் டபுள் டெக்கர் பஸ் இரண்டை வரிசையாக நிறுத்தினால் ஏறக்குறைய அந்த நீளம் வரும். வீட்டு வாசலிலிருந்து அளந்து பாருங்கள், மனக்கணக்கில் எழுதாதீர்கள்.

சரி, இனி குசினிக்கு வருவோம். இங்கேதான் தனியாக வாழப் போகிறவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள்.

பிப் கேட்பது ஒரு ஆளுக்கு, ஒரு வேளைக்கு, பச்சையாக வாங்கிய பொருட்களை வைத்து அடுப்பில் ஒரு சாப்பாடு செய்ய முடியுமா என்பதை. பத்துப் பேருக்கு ஆட்டுக்கறியும் சோறும் சமைப்பதைப் பற்றி அல்ல. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டையும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதுங்கள். வெங்காயத்தின் தோலை உரிக்க விரல் மடங்குகிறதா? கத்தியை எவ்வளவு நேரம் பிடிக்க முடிகிறது? தக்காளி டின்னின் வளையத்தை இழுக்க முடிகிறதா? கொதிக்கும் சோற்றுப் பானையை இரண்டு கையாலும் தூக்கி சிங்க்கில் கஞ்சி வடிக்கும்போது மணிக்கட்டு தாங்குகிறதா, ஒருமுறை காலில் ஊற்றிக்கொண்டீர்களா? "சமைக்கக் கஷ்டம்" என்ற ஒரு வரிக்கு யாரும் புள்ளி போட மாட்டார்கள். கஞ்சி வடித்த கதைக்குப் போடுவார்கள்.

இதற்கு விதியே இருக்கிறது. ஒரு வேலையை உங்களால் செய்ய முடியும் என்று சொல்ல வேண்டுமென்றால், அதைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும், ஏற்றுக்கொள்ளக்கூடிய தரத்தில் செய்ய வேண்டும், தேவைப்படும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும், நியாயமான நேரத்துக்குள் செய்ய வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் முடியாது என்றே கணக்கு. அது பாதிக்கு மேற்பட்ட நாட்களில் அப்படி இருக்க வேண்டும். நல்ல நாளும் கெட்ட நாளும் மாறி மாறி வருகிறவர்கள் இரண்டு வாரம் ஒரு கலண்டரில் குறித்து வையுங்கள், அதன் நகலையும் அனுப்புங்கள்.

(திரையில்: தொலைபேசி அழைப்பு)

மதிப்பீட்டு அழைப்பு பெரும்பாலும் போனில் வரும். பேசுபவர் தாதியாகவோ பிசியோதெரபிஸ்ட்டாகவோ இருப்பார், பிப்பை நடத்தும் அரசுத் துறையான டி.டபிள்யூ.பி. ஒப்பந்தம் கொடுத்த ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்பவர். அவர் அறிக்கை எழுதுவார், முடிவு எடுப்பது டி.டபிள்யூ.பி. அதிகாரி.

"தனியாகத்தானே இருக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள்?" என்று கேட்பார். நம் அக்கா பழக்கதோஷத்தில், "ஏதோ சமாளிக்கிறேன், பரவாயில்லை" என்பார். அங்கே போய்விட்டது. மருமகள் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து ஃப்ரீசரில் வைக்கும் கறிப் பெட்டிகளைத்தான் வாரம் முழுக்கச் சூடாக்கிச் சாப்பிடுகிறேன், அது தீர்ந்தால் பாணும் பட்டரும் என்று சொல்ல வேண்டும். உதவி கிடைக்கவில்லை என்பதால் உதவி தேவையில்லை என்று ஆகாது. பிப் கேட்பது தேவையை. ஆளில்லாத வீட்டிலும் அந்தத் தேவை அப்படியே இருக்கும்.

தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், செலவு உங்களுடையது அல்ல. மகனோ மகளோ கூட இருக்கலாம், ஆனால் அவர்களை உரைபெயர்ப்பாளராக ஆக்காதீர்கள். அம்மா சொல்ல வெட்கப்படும் கழிவறை விஷயத்தை மகன் வாயால் எப்படிச் சொல்ல முடியும்? இன்னொன்று, ஆங்கிலம் தெரியாததற்குப் புள்ளி கிடையாது. பேசுவது, வாசிப்பது பற்றிய கேள்விகள் உங்கள் தாய்மொழியில் முடிகிறதா என்பதைப் பற்றியவை.

இனி வீட்டுப் பக்கம். விலாசம் மாறுவதை டி.டபிள்யூ.பி.க்குக் கட்டாயம் சொல்லுங்கள், கடிதத்தில் இருக்கும் எண்ணுக்கே அழைக்கலாம். படிவத்துக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அது பழைய வீட்டு வாசலில் கிடந்தால் பணம் நின்றுவிடலாம். வீடு மாறும் அலைச்சலில் எழுத முடியாவிட்டால் கூடுதல் நாட்கள் கேளுங்கள், கொடுப்பார்கள். ராயல் மெயிலில் கடிதங்களைப் புது விலாசத்துக்குத் திருப்பிவிடும் சேவை கட்டணத்துக்கு உண்டு. இந்த நேரத்தில் அது வீண் செலவு அல்ல.

யுனிவர்சல் கிரெடிட் இருந்தால் வீடு மாறிய உடனேயே ஆன்லைனில் புது விலாசத்தையும் வாடகையையும் போடுங்கள். தனியாக வாழத் தொடங்கினால் கவுன்சில் டாக்ஸில் 25 விழுக்காடு கழிவு, கேட்டால்தான் கிடைக்கும். மறுபக்கமாக, அம்மா மகன் வீட்டுக்கு வருகிறார், மகன் யுனிவர்சல் கிரெடிட்டில் வாடகை உதவி வாங்குகிறார் என்றால், கூட ஒரு வயதுவந்தவர் இருக்கிறார் என்று மகனுக்குப் பணம் கழிப்பார்களோ என்ற பயம் வரும். அம்மாவுக்கு டெய்லி லிவிங் இருந்தால் மகனுக்கு அந்தப் பிடித்தம் இல்லை.

இப்படிப்பட்டவரைக் கவனித்துக்கொள்பவருக்கு அரசு தரும் கேரர்ஸ் அலவன்ஸ் கொஞ்சம் சிக்கலானது. அதை வாங்குபவர் ஒரே வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஆனால் வாரம் 35 மணிநேரம் கவனிக்க வேண்டும். மில்டன் கீன்ஸில் இருந்து வார இறுதியில் மட்டும் வரும் மருமகளால் அது ஆகாது. சொல்லாமல் தொடர்ந்து வாங்கினால் பிறகு முழுவதையும் திருப்பிக் கேட்பார்கள். அக்காவின் டெய்லி லிவிங் போனாலும் மருமகளின் அலவன்ஸ் சேர்ந்தே போகும்.

மருமகள் போன இடத்தை நிரப்ப ஆள் வேண்டுமே? 2014ஆம் ஆண்டு கேர் ஆக்ட் சட்டப்படி, இங்கிலாந்தில் கவுன்சில் உங்கள் பராமரிப்புத் தேவையை மதிப்பிட்டே ஆக வேண்டும். இலவசம். ஆள் அனுப்பும்போது உங்கள் பங்காகக் கட்டணம் கேட்கலாம். அதைக் கணக்கிடும்போது டெய்லி லிவிங் பணத்தைச் சேர்ப்பார்கள், மொபிலிட்டி பணத்தைச் சேர்க்கக் கூடாது. சிலர் அந்தக் கட்டணத்துக்குப் பயந்து மதிப்பீட்டையே வேண்டாம் என்கிறார்கள். என் கருத்தில் அது புத்தியில்லாத வேலை. கவுன்சில் எழுதித் தரும் பராமரிப்புத் திட்டம் பிப்புக்கும் நல்ல ஆதாரம்.

வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றும் ஒரு செய்தியையும் முடித்துவிடுவோம். "ஒரே கேள்வியில் 4 புள்ளி இல்லாவிட்டால் பிப் இல்லை." 2025 மார்ச்சில் அரசு முன்வைத்த யோசனை அது. ஜூலை 1 அன்று நாடாளுமன்றத்தில் அந்தப் பிரிவைக் கைவிடுவதாக அறிவித்துவிட்டார்கள், பிப் முழுவதையும் மீளாய்வு செய்யும் பொறுப்பு அமைச்சர் ஸ்டீபன் டிம்ஸிடம் போனது. இரண்டு இரண்டு புள்ளியாகச் சேர்த்து 8 வந்தாலும் செல்லும் என்பதே இப்போதைய விதி.

முடிவு பாதகமாக வந்தால் ஒரு மாதத்துக்குள் டி.டபிள்யூ.பி.யிடம் மறுபரிசீலனை கேளுங்கள். அங்கும் மாறாவிட்டால் இன்னொரு மாதத்துக்குள் ட்ரிபியூனல் என்ற தனி நீதிமன்றத்துக்கு அப்பீல். கட்டணம் இல்லை. நீதிபதி, மருத்துவர், மாற்றுத்திறன் விஷயம் தெரிந்த ஒருவர் என மூவர் இருப்பார்கள். விசாரணைவரை போகும் பிப் அப்பீல்களில் பாதிக்கும் மேல் விண்ணப்பித்தவர் பக்கமே முடிகின்றன. பலர் மறுபரிசீலனையோடு சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

ட்ரிபியூனல் பார்ப்பது டி.டபிள்யூ.பி. முடிவெடுத்த நாளில் உங்கள் நிலை எப்படி இருந்தது என்பதை. அதற்குப் பிறகு உடல் மோசமானால் அதைத் தனியே அறிவிக்க வேண்டும். ஆகவே ஆதாரம் சேர்க்கும்போது ஒவ்வொரு தாளிலும் திகதி இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக மருமகள் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில், எந்த மாதம்வரை கூட இருந்தார், என்னென்ன செய்து கொடுத்தார், போன பிறகு எது நடக்காமல் நின்றது என்று மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதினால் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து அனுப்புங்கள்.