பிராசசரின் தலைமுறையும் அதன் சூடும்

நேயர்களுக்கு வணக்கம். கோடை வந்தால் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று அணைந்துபோகும். பிராசசர் போய்விட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பல நேரம் அதன் சூட்டை இறக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூலர் சரியாகப் படியாததுதான் காரணம். கூலரைத் தொடுமுன் பிராசசர் எந்தத் தலைமுறை என்று தெரிய வேண்டும்.

இன்டெல் பிராசசர் என்றால், பெட்டியில் ஒட்டியிருக்கும் ஐ5 ஸ்டிக்கரை நம்பாதீர்கள். 2009இல் வந்ததும் ஐ5, 2023இல் வந்ததும் ஐ5. விண்டோஸ் 10இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைச் சொடுக்கினால் முழு எண்ணும் தெரியும். ஐ5-3470 என்று நான்கு இலக்கம் இருந்தால் முதல் இலக்கமே தலைமுறை, அதாவது மூன்றாவது. 10400 என்று ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டும் சேர்ந்து பத்தாவது. ஐ5-650 என மூன்றே இலக்கம் இருந்தால் முதல் தலைமுறை. கம்ப்யூட்டர் ஓடவே இல்லையென்றால் கூலரைக் கழற்றி, அதற்கும் பிராசசருக்கும் நடுவே தடவியிருக்கும் பழைய பேஸ்ட்டைத் துடையுங்கள். உலோக மூடியிலேயே எண் பொறித்திருக்கும்.

எதற்கு இவ்வளவு என்றால், மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடமான சாக்கெட் தலைமுறையைப் பொறுத்தது; கூலருக்கான துளைகளின் இடைவெளி சாக்கெட்டுக்கு சாக்கெட் மாறும். கோர் 2 டுவோ காலத்து 775 சாக்கெட்டில் 72 மில்லிமீட்டர். 1156இல் தொடங்கி 1155, 1150, 1151, 1200 வரை 75. பன்னிரண்டாம் தலைமுறையோடு வந்த 1700இல் 78. மூன்று மில்லிமீட்டர்தானே என்று அழுத்திப் பொருத்தினால் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். 1700இல் பிராசசரின் உயரமும் குறைவு, அதனால் பழைய கூலர் போதிய அழுத்தம் தராது. அதற்கென்று வரும் பிராக்கெட்டையே, அதாவது கூலரைப் பிடிக்கும் சட்டத்தையே வாங்குங்கள்.

இன்டெல் கூலரை போர்டில் பிடித்துவைக்கும், அழுத்தி மாட்டும் நான்கு புஷ்பின்கள்தான் அதிகம் தவறு நடக்கும் இடம். கறுப்புத் தலையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அம்பு காட்டும் பக்கம் திருப்பினால் பின் கழலும். ஆகவே மாட்டுவதற்கு முன் நான்கையும் எதிர்ப்பக்கம் முழுதாகத் திருப்பி வையுங்கள். பிறகு குறுக்கும் மறுக்குமாக, எதிரெதிர் மூலைகளை மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒவ்வொன்றும் 'க்ளிக்' என்று சொல்ல வேண்டும். போர்டின் பின்பக்கம் பாருங்கள்: வெள்ளைக் கால்களின் நடுவே கறுப்பு முனை இறங்கி, கால்கள் விரிந்திருக்க வேண்டும். ஒன்று விரியாவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், கழற்றி மறுபடி மாட்டுங்கள்.

பேஸ்ட் ஓர் உளுந்தளவு போதும். 1700 பிராசசர் நீளமானது, அதற்குக் கொஞ்சம் கூடுதலாக. உலோகத்தைவிட பேஸ்ட் வெப்பத்தைக் குறைவாகவே கடத்தும். இரண்டு பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவது மட்டுமே அதன் வேலை. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தமாகத் துடைத்த பிறகே புதியது.

மூன்றாம் தலைமுறைக்காரர்களுக்கு ஒரு சொல். 2012இல் வந்த அந்த பிராசசர்களில் மூடிக்கு உள்ளேயும் உலோகப் பற்றுக்குப் (சால்டர்) பதில் பேஸ்ட்தான். அதனால் கூலரை ஒழுங்காக மாட்டியும் இரண்டாம் தலைமுறையைவிடச் சற்றுச் சூடாக ஓடலாம். உங்கள் கைவேலையைக் குறை சொல்லாதீர்கள்.

இன்னொரு நிறுவனமான ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் வகையில் ஆபத்து வேறு. அங்கே ஊசிகள் பிராசசரின் அடியில் இருக்கின்றன. காய்ந்த பேஸ்ட்டோடு கூலரை நேராக இழுத்தால், பூட்டியிருக்கும்போதே பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வரும், ஊசிகள் வளையும். பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள். மின்சாரத்தைத் துண்டித்து, பிடிமானத்தைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, தளர்ந்த பிறகு தூக்குங்கள்.

எல்லாம் மாட்டியபின் பிராசசருக்கு முழு வேலை கொடுத்து வெப்பத்தைப் பாருங்கள். இன்டெல்லில் சில நொடியிலேயே 100 டிகிரியைத் தொட்டால் பெரும்பாலும் கூலர் படிந்திருக்காது, பின்களைத் திரும்பப் பாருங்கள். கால்மணி நேரத்தில் மெல்ல மெல்ல ஏறினால் காற்றோட்டம் போதாமல் இருக்கலாம். ஃபேனைக் கழற்றி, கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல் படிந்திருக்கும் தூசியைப் பிரஷால் எடுங்கள். நன்றி, வணக்கம்.