துறைக்குத் தலைவர் அமைச்சரா, செயலரா? – நேயர் கேள்விக்கு விளக்கம்

அனைவருக்கும் வணக்கம். முத்தியால்பேட்டை நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வி சில நாட்களாகவே என் மனத்தைக் குடைந்துகொண்டிருக்கிறது. "மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த அமைச்சர் ஒரு திட்டத்துக்குச் சரி என்று சொன்ன பிறகும், செயலர் கோப்பில் ஆட்சேபம் எழுதுகிறாரே, அப்படியானால் துறைக்குத் தலைவர் யார்?" என்று அவர் கேட்டிருக்கிறார். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவது இயல்பே. இங்கே செயலர்களாக வரும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் அருணாசலப் பிரதேசம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கான பொதுத் தொகுப்பைச் சேர்ந்தவர்கள். இன்று கடற்கரைச் சாலையில் இருப்பவர் நாளை டெல்லிக்கு மாறுதலாகிவிடலாம். துணைநிலை ஆளுநரின் அதிகாரங்களைப் பற்றி முன்பே பேசியிருப்பதால், இன்று செயலர் பதவியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கொள்கையை முடிவு செய்பவர் அமைச்சர். துறையின் நிர்வாகத் தலைவரும், அமைச்சருக்கு முதன்மை ஆலோசகரும் செயலர். இதில் குழப்பம் எதுவும் இல்லை. ஆனால் பணம் என்று வரும்போது செயலருக்குத் தனிப் பொறுப்பு ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகள், அமைச்சகத்தின் கணக்குகளுக்கு முதன்மைப் பொறுப்பாளராகச் செயலரையே வைத்திருக்கின்றன. ஒரு செலவு ஏன் நடந்தது என்று நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு விசாரிக்கும்போது, சாட்சியம் அளிக்கச் செயலர்தான் போய் உட்கார வேண்டும். அமைச்சரை அந்தக் குழு அழைப்பதில்லை. பின்னாளில் பதில் சொல்லப் போகிறவர், செலவுக்கு முன்பே தன் கருத்தைப் பதிவு செய்ய விரும்புவதை அதிகாரத் திமிர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

"எழுத்தில் இருக்கிறதா?" என்று நான் அடிக்கடி கேட்பது தொடர்ந்து பார்க்கும் நேயர்களுக்குத் தெரியும். ஒரு கோப்பைத் திறந்தால் பச்சை நிறக் குறிப்புத் தாள்கள் தனியாகவும் கடிதங்கள் தனியாகவும் இருக்கும். பிரிவு உதவியாளர் தொடங்கி வைத்த குறிப்பு, ஒவ்வொரு மேசையிலும் ஒரு பத்தியும் ஒரு சுருக்கொப்பமும் தேதியும் பெற்று மேலே ஏறி, கடைசியில் செயலரிடம் வரும். அவர் எழுதுகிற நான்கு வரிகளைப் படித்துவிட்டுத்தான் அமைச்சர் முடிவெடுக்க வேண்டும். இப்போது மின்கோப்பு வந்துவிட்டது. ஆனாலும் வரிசை அதேதான்.

அந்த நான்கு வரிகள் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு தொழிலதிபர் ஹரிதாஸ் முந்த்ரா தொடர்பான விவகாரத்தை மீண்டும் சொல்கிறேன். 1957இல் ஆயுள் காப்பீட்டுக் கழகம், முந்த்ராவின் நிறுவனங்களில் சுமார் 1.25 கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியது. நம் சென்னையைச் சேர்ந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரி அப்போது நிதியமைச்சர், எச்.எம். படேல் நிதித்துறையின் முதன்மைச் செயலர். அமைச்சரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டேன் என்றார் செயலர். நான் ஒப்புதல் தரவில்லை என்றார் அமைச்சர். விசாரித்த நீதிபதி சாக்ளா, செயலரின் செயலுக்கு அமைச்சரே அரசியலமைப்பு ரீதியில் பொறுப்பு என்று கூறினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அதே எச்.எம். படேல் 1977இல் நிதியமைச்சராகவே வந்தார் என்பது தனிக்கதை.

பிரிட்டனில் நடந்ததையும் பாருங்கள். மலேசியாவின் பெர்கா அணைக்கு 23.4 கோடி பவுண்டு உதவி தருவது வீண்செலவு என்று, வெளிநாட்டு உதவித்துறையின் நிரந்தரச் செயலர் டிம் லாங்கெஸ்டர் ஆட்சேபித்தார். செலவு செய்தே ஆக வேண்டுமானால் எழுத்துமூலமான உத்தரவு வேண்டும் என்று அவர் கேட்க, 1991இல் வெளியுறவு அமைச்சர் டக்ளஸ் ஹர்ட் அந்த உத்தரவைத் தந்தார். செயலரும் கீழ்ப்படிந்தார். ஆனால் அந்த ஆட்சேபம் தாளில் இருந்தது. 1994இல் அந்த உதவி சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

நம் நாட்டிலும் இதற்கு விதி உண்டு. 1968ஆம் ஆண்டின் அகில இந்தியப் பணிகள் நடத்தை விதிகளின்படி, மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவு உடனே எழுத்தில் உறுதி செய்யப்பட வேண்டும். 2013இல் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே வலியுறுத்தியது. அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே, 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் சர்தார் படேல், தன் கருத்துக்கு எதிராகக் குறிப்பு எழுதும் சுதந்திரத்தைத் தன் செயலர்களுக்குக் கொடுத்திருப்பதாகவும், அமைச்சர் வருத்தப்படுவார் என்று பயந்து உள்ளதைச் சொல்லாதவர் போய்விடலாம், வேறொருவரை அழைத்துக்கொள்வேன் என்று அவர்களிடம் கூறியிருப்பதாகவும் சொன்னார். அவரைவிட வலிமையான அமைச்சரை இந்த நாடு பார்த்ததில்லை என்பது என் கருத்து. அவருக்கே எதிர்க்குறிப்பு தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே முத்தியால்பேட்டை ஐயா அவர்களே, தலைவர் யார் என்பதைவிட, "என் தெருவைத் தொடும் அந்தக் கோப்பில் செயலர் என்ன எழுதினார், அதைப் படித்த பிறகு அமைச்சர் என்ன எழுதினார்?" என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் மகிழ்ச்சியாக இருந்திருக்கும். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சில விலக்குகள் இருந்தாலும், முடிவெடுத்து முடிந்த கோப்பின் குறிப்புகளைக் கேட்டுப் பெற வழி இருக்கிறது. மனுவில் "கோப்பின் விவரம்" என்று பொதுவாக எழுதாமல், "குறிப்புத் தாள்களின் நகல்" என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி ஆணையின் நகலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிடக்கூடும்.