ஸ்டேட்டஸ் பார்த்தால் நலம் விசாரித்த மாதிரி ஆகிவிடுமா?

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது, சும்மா உட்கார்ந்து பேசப் போகிறேன். விஷயம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். ரீல்ஸ் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், சரி. ஆனால் நம் வீட்டு அம்மா, சித்தி, மாமா, எதிர்வீட்டு அக்கா எல்லோரும் 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்று தினமும் காட்டிக்கொள்கிற இடம் இந்த ஸ்டேட்டஸ்தான், அதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதே இல்லை.

2009-இல் யான் கோம் வாட்ஸ்அப்பைத் தொடங்கியபோது மெசேஜ் அனுப்புவது அதன் நோக்கமே இல்லை. போனில் இருக்கும் பெயருக்குப் பக்கத்தில் ஜிம்மில் இருக்கிறேன், பேட்டரி குறைவு என்று ஒரு வரி தெரிந்தால் போதும் என்பதுதான் யோசனை. மெசேஜ் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் படமும் வீடியோவும் வந்தது 2017 பிப்ரவரியில். அதற்குச் சில மாதம் முன்னால், 2016 செப்டம்பரில், ஜியோ வந்திருந்தது. டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழித்த வீடுகளில் காலையில் முருகர் படம், மத்தியானம் மீன் குழம்பு, ராத்திரி பாட்டு என்று போட ஆரம்பித்தது அந்தச் சமயத்தில்தான்.

இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. நீங்கள் அவர் நம்பரையும் அவர் உங்கள் நம்பரையும் சேமித்திருந்தால்தான் ஸ்டேட்டஸ் தெரியும். அப்படியென்றால் பார்ப்பது யார்? மாமியார், ஆபீஸ் மேனேஜர், பழைய டியூஷன் சார், கேஸ் சிலிண்டர் கொண்டு வரும் அண்ணன், பெண் பார்த்துவிட்டுப் போய் இன்னும் பதில் சொல்லாத வீடு. நேரில் இவர்கள் ஒவ்வொருவரிடமும் நாம் ஒவ்வொரு மாதிரிதான் பேசுவோம், இங்கே எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அதனால்தான் இன்னார் தவிர மற்றவர்களுக்கு என்ற அந்த செட்டிங்கை நம் ஆட்கள் அப்படிப் பயன்படுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா, கொடைக்கானல் போன படத்தை நாத்தனாருக்கு மறைத்துவிட்டுத்தான் போடுவார், குலதெய்வம் கோவில் படம் மட்டும் எல்லோருக்கும். எது நான், எது மற்றவர்களுக்காக நான் என்பதை தினமும் காலையில் டிக் போட்டு முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, அது உண்மையிலேயே மனதுக்குப் பெரிய வேலை.

அப்புறம் அந்தக் கண் படம், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல். எங்கள் தெருவில் ஒரு அம்மா இருக்கிறார், மகன் துபாயில். முருங்கை பூத்ததைப் போடுவார், வைத்த ரசத்தைப் போடுவார். ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்தப் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளி மகன் பெயர் வரைக்கும் போவார். பெயர் இருந்தால் போதும், ஷிஃப்ட் முடிந்து ரூமுக்கு வந்துவிட்டான் என்று அர்த்தம், போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார். இதைப் போலி உறவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் நீல டிக் வேண்டாமென்று மகன் ஒருநாள் அந்த செட்டிங்கை அணைத்துவிட்டான், அதோடு ஸ்டேட்டஸ் பட்டியலிலும் அவன் பெயர் வராது என்பது அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? என் மேல் என்ன வருத்தமோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு உண்மையான கவலை வேறு. பார்த்தாலே விசாரித்த திருப்தி வந்துவிடுகிறது, அதனால் விசாரிப்பது நின்றுபோகிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு அத்தை பித்தப்பை ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் இருந்தார். படுக்கையில் இருந்தபடியே வழக்கம்போல காலை வணக்கம் படத்தை ஸ்டேட்டஸில் போட்டுக்கொண்டிருந்தார். சொந்தம் மொத்தமும் பார்த்தது, அத்தை நன்றாகத்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டது. பிறகு விஷயம் தெரிந்து எல்லோரும் ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்குப் போனபோது அத்தை கேட்டார், "தினமும் என்னைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க, ஒருத்தராவது எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?" யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

டிபியிலும் இதேதான். ஒருவர் திடீரென்று படத்தை எடுத்துவிட்டால் புருஷனோடு சண்டையா, வீட்டில் ஏதாவது கெட்டதா என்று மற்றவர்கள் ஒருவருக்கொருவர் போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்கள், சம்பந்தப்பட்டவருக்கு மட்டும் போன் போகாது. சோகப் பாட்டு வைத்தால் யாரைக் குத்துகிறாள் என்றுதான் பேச்சு, அவளுக்கு என்ன என்று இல்லை. இத்தனைக்கும் அந்தப் பாட்டுக்குக் கீழேயே பதில் எழுத இடம் இருக்கிறது, எழுதினால் அவளுக்கு மட்டும்தான் போகும், ஊருக்குத் தெரியாது. அதில் 'என்னாச்சும்மா?' என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் ஸ்டேட்டஸை யாருக்கு மறைத்து வைத்திருக்கிறீர்கள், எதற்காக? பெயர் வேண்டாம், என்ன உறவு என்று மட்டும் கீழே எழுதுங்கள். மாமியார்தான் அதிகம் வருவார் என்று நினைக்கிறேன், ஆனால் கூடப்பிறந்தவர்களும் நிறைய வருவார்கள் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. அடுத்த வீடியோவில் அதை எடுத்துவைத்துப் பேசலாம்.